இடது காதில் மார்வெல்லா

…இறங்கத்தான் செய்கிறது, யார் என்ன சொன்னாலும் இறங்கத்தான் செய்கிறது, கடைசியில் வரும் அந்தப் பெரிய பாட்டின் உச்சியில் மார்வெல்லா குவிஸ்ட்டின் சுருதி ஒரு மயிரிழை கீழே போகிறது, முன்னோட்டக் காட்சியிலும் போனது, போன மாதம் கேட்டபோதும் போனது, அதைத்தான் லொரெட்டா ரசிகர் இணையதளத்தில் ஒரு வரியில் எழுதினாள், முகம் பொருத்தம், சுருதி பொருத்தமில்லை என்று, அவ்வளவுதான், அதற்குப் போய் ஊரே இப்படிக் கொதித்தால் என்ன அர்த்தம்? இடைவேளை விட்டதும் முதல் ஆளாக ஓடிவந்தும் பெண்கள் கழிப்பறை வரிசை அதற்குள் மாடிப்படியில் இரண்டு வளைவு வளைந்து கொட்டகைக்குள் இருக்கும் மதுக்கடை வரை வந்துவிட்டது, பிராட்வேயில் இத்தனை அரங்குகளைக் கட்டினவர்களில் ஒருத்தனாவது தன் பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கழிப்பறையைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டியிருப்பான்… ஆனாலும் இந்த வரிசையை அவள் ஒரு நாளும் வெறுத்ததில்லை, நாடகத்தைப் பற்றின உண்மையான பேச்சு பத்திரிகையில் கிடையாது, இங்கேதான், ஒருத்தி முதுகைப் பார்த்து ஒருத்தி நின்றுகொண்டு, யாரைப் போட்டிருக்கக் கூடாது, யாரைப் போட்டிருக்கலாம், யாருக்குக் குரல் போச்சு, யாருக்கு நடனத்துக்கு அப்புறம் மூச்சு வாங்குகிறது, எல்லாம் இங்கே அலசிக் காயப்போட்டுவிடுவார்கள்.

இன்றைக்கும் அதே பேச்சுதான். 'ஏழாம் துறை' இசைநாடகம் நாற்பது வருடம் கழித்துத் திரும்ப மேடையேறுகிறது என்றதும் சண்டை தொடங்கிவிட்டது, துறைமுகத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹெஸ்டர், படகேறிப் போன புருஷன் பல வருடம் கழித்து வாசலில் வந்து நிற்கும்போது 'நான் காத்திருக்கவில்லை' என்று பாடுகிற ஹெஸ்டர், அந்த வேஷத்துக்குத் தொலைக்காட்சித் தொடரில் நர்ஸாக நடித்த மார்வெல்லாவைப் போடுவதாவது? டிக்கெட் விற்கப் போட்டார்கள் என்று ஒரு கட்சி, இல்லை, அவள் அதற்கு முன்னாலேயே மேடைக்காரிதான், பாடத் தெரியாமலா எடுத்தார்கள் என்று இன்னொரு கட்சி. லொரெட்டா எந்தக் கட்சியும் இல்லை. அவள் முதல் ஹெஸ்டரைக் கேட்டவள். பத்தொன்பது வயதில், இதே கொட்டகையில், கீழ்த்தளத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கென்று இருக்கும் பித்தளைக் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு இமொஜீன் டல் அந்த உச்ச ஸ்வரத்தை எடுத்ததைக் கேட்டவள், கத்தி மாதிரி நேராக, ஆடாமல் அசையாமல்… அன்றையிலிருந்து அதுதான் அவளுக்கு அளவுகோல். உட்கார இடம் வாங்குகிற அளவுக்குக் கையில் காசு வந்த பிறகும் அவள் கம்பியை விடவில்லை, அதனால்தான் தளத்தில் அவள் பெயரே பின்கம்பி லொரெட்டா, பின்கம்பி சொல்லிவிட்டால் சொன்னதுதான் என்று ஒரு பெயர், அதில் அவளுக்குப் பெருமை இல்லாமல் இல்லை, ப்ரூக்ளினில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு வேறு எங்கே இப்படி ஒரு மரியாதை கிடைக்கும்?

முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும், நாடகத்தின் பெயர் போட்ட சட்டை, நியூ ஜெர்சியிலிருந்து வருகிற கொரீன் ஹடாட், மேடை வாசலில் நின்று கையெழுத்து வாங்குகிற கூட்டத்தில் எப்போதும் முதல் ஆள், லொரெட்டா முகத்தைப் பார்த்திருக்கிறாள், பெயரும் தளத்தில் தெரியும், பேசினதில்லை.

"நீங்கதானே பின்கம்பி?"

ஆமாம் என்றாள் லொரெட்டா, அதற்கென்ன என்கிற குரலில்.

"போன வாரம் பூரா மார்வெல்லா அந்த மேல் ஸ்வரத்தை எடுக்கவே இல்லைங்க. கீழேயே முடிச்சுட்டாங்க. ஏன்னு நினைக்கிறீங்க? நீங்க எழுதினதை யாரோ கொண்டுபோய் அவங்ககிட்ட காட்டியிருக்காங்க."

கீழேயே முடித்துவிட்டாளா? ஹெஸ்டர் அந்த ஸ்வரத்தை எடுக்காவிட்டால் அப்புறம் எதற்கு ஹெஸ்டர், புருஷனை வாசலோடு அனுப்புவதே அந்த ஸ்வரம்தானே… தன் ஒரு வரியாலா? அப்படியெல்லாம் இருக்காது, தொண்டை கட்டியிருக்கும், மேடையில் பனிப்புகை விடுகிறார்களே, அதனால் இருக்கும். கொரீன் விடுவதாக இல்லை, நானும்தான் வாராவாரம் கேட்கிறேன், எனக்கு ஒரு தடவைகூட இறங்கினதாகப் படவில்லை என்றாள், உடனே பின்னாலிருந்து ஒரு கிழவி, வெள்ளை முடியை உயர்த்திக் கொண்டை போட்டவள், நான் நியூவர்க்கில் சர்ச் பாடகர் குழுவில் ஆயுசு பூரா நிற்கிறவள், எனக்கும் அப்படிப் படவில்லையே கண்ணு என்று அன்பாகவே சொன்னாள், அந்த அன்புதான் தாங்க முடியவில்லை. லொரெட்டா, ரசிகைகளுக்குக் கண் இருக்கும், காது இருக்காது என்று நினைத்துக்கொண்டாள். சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து பாடினால் யார் இறங்கினார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றும் நினைத்துக்கொண்டாள். ஆனால் எல்லோருக்கும் நேராகக் கேட்பது எனக்கு மட்டும் ஏன்… அந்த நினைப்பை அப்படியே பாதியில் விட்டாள். உள்ளே போய் வந்து கை கழுவும்போது அது தானாகவே மிச்சத்தையும் சொல்லி முடித்தது, எனக்கு மட்டும் ஏன் இறங்கிக் கேட்கிறது?

பனிக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. வலது காது அடைத்துக்கொண்டு நாலைந்து நாள் தலைக்குள் பஞ்சு வைத்த மாதிரி இருந்தது, அப்புறம் திறந்துவிட்டது, திறந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள், இல்லாவிட்டால் கடையில் வாடிக்கையாளர் முணுமுணுப்பது எப்படிக் கேட்கும்? ஆனால் அதற்கப்புறம்தான் வீட்டு லிஃப்டின் மணி ஒரு மாதிரி மழுங்கிப்போனது, காவலாளியிடம் மணியை மாற்றினீர்களா என்று கேட்டாள், அவன் இவளை ஒரு மாதிரி பார்த்தான். அதற்கப்புறம்தான் வானொலியில் வயலின் கேட்டால் இரண்டு பேர் வாசிப்பது போல ஒரு உறுத்தல். அதற்கப்புறம்தான் மார்வெல்லாவும். இத்தனையையும் ஒரு நாளாவது ஒன்றாக வைத்துப் பார்த்தாளா? கடையில் நாள் முழுக்க அவள் செய்கிற வேலை என்ன, ஒரு கண்ணை மூடுங்கள், இப்போது இது தெளிவா, அது தெளிவா, சரி, அடுத்த கண், இது தெளிவா, அது தெளிவா… அடி லொரெட்டா, ஊரார் கண்ணையெல்லாம் ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தவளுக்குச் சொந்தக் காதை மூடிப் பார்க்கத் தோன்றவில்லையே!

படியேறி வரும்போதே இரண்டாம் பாகத்துக்கு அழைக்கிற மணி அடித்தது. மூன்று ஸ்வரம், மேலிருந்து கீழே. நின்ற இடத்திலேயே வலது காதில் விரலை வைத்து அடைத்தாள், மணி மறுபடி அடித்தது, சுத்தமாக, வெயில் பட்ட கண்ணாடி மாதிரி. விரலை மாற்றி இடது காதை அடைத்தாள். மணி மறுபடி அடித்தது, அதே மூன்று ஸ்வரம்தான், ஆனால் கீழே, யாரோ மணியை ஈரத்துணியில் சுற்றி ஒரு படி இறக்கி வைத்தது போல. பின்னால் வந்தவள் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள். லொரெட்டா நகரவில்லை. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன், ஆனால் பயத்தைத் தள்ளிக்கொண்டு இன்னொன்று முன்னால் வந்தது, இன்னொரு தடவை அடிக்காதா, இன்னொரு தடவை மாற்றிப் பார்க்கலாமே என்கிற ஆசை, என் ஒரே தலைக்குள் இரண்டு மணி இருக்கிறது, இது எவ்வளவு விசித்திரம்!

கம்பியில் அவளுடைய இடத்தைத் தன் கோட்டால் காபந்து பண்ணிக்கொண்டு இர்விங் நின்றிருந்தான். இர்விங் ஆஸ்ட்ரோ, நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவன், முப்பது வருடமாக அவளோடு புதன்கிழமை மதியக் காட்சிக்கு நிற்கிறவன், கல்யாணமும் இல்லை காதலும் இல்லை, கம்பிச் சிநேகிதம்.

"தீர்ப்பு எழுதியாச்சா மகாராணி? இல்ல, சாட்சி இன்னும் பாக்கி இருக்கா?"

வாயை மூடிக்கிட்டு நில்லு என்றாள். அவன் சிரித்துக்கொண்டு இருமல் மிட்டாய் நீட்டினான், காகிதத்தை முன்கூட்டியே பிரித்து வைத்திருந்தான், பாட்டு நடுவே சரசரக்கக் கூடாது என்று. விளக்கு அணைந்தது. இரண்டாம் பாகத்தில் படகுக்காரர்கள் நடனம் ஒன்று வரும், அதை அவள் பார்த்தாளா என்றால் பார்த்தாள், ஆனால் மனசெல்லாம் விரலில் இருந்தது, கோரஸில் ஆண்கள் பாடும்போது ஒரு தடவை, ஹெஸ்டரின் மகள் பாடும்போது ஒரு தடவை, வலதை அடைத்தால் நேராக, இடதை அடைத்தால் கீழே, தாழ்ந்த ஸ்வரங்களில் வித்தியாசமே இல்லை, மேலே போகப் போகத்தான் இரண்டும் பிரிகிறது, அப்படியானால் உச்சியில்? உச்சியில் எவ்வளவு பிரியும்? ஆனால் இவள் இன்றைக்கு உச்சிக்குப் போனால்தானே… கடவுளே, போகவேண்டுமே, என் ஒரு வரியை நினைத்துக்கொண்டு அங்கே நின்று கீழேயே முடித்துவிட்டாளானால், நான் என் காதின் குற்றத்தை அந்தப் பெண்ணின் தொண்டையில் போட்டுவிட்டேனே.

மேடையில் ஹெஸ்டரின் புருஷன் வாசலில் வந்து நின்றான். மார்வெல்லா மேசை துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை, அன்றைக்கு இமொஜீன் நிமிர்ந்தாள், கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள், இவள் துணியை விடவே இல்லை, துடைத்த மேசையையே துடைக்கிறாள், துடைத்துக்கொண்டே பாடத் தொடங்குகிறாள், இதைப் போன தடவை எப்படிக் கவனிக்காமல் விட்டேன், சுருதியையே வேட்டையாடிக்கொண்டு நின்றால் துணி எங்கே கண்ணில் படும்… வலது காதை விரலால் அடைத்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கொரீன் அந்த நேரம் பார்த்தா திரும்பவேண்டும்? ஹெஸ்டரின் பாட்டு ஓடுகிறது, பின்கம்பி லொரெட்டா காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள், கொரீனின் வாய் அப்படியே திறந்துகொண்டது, இது அவமானப்படுத்துவது இல்லாமல் வேறென்ன, இன்று சாயங்காலத்துக்குள் தளம் பூரா பற்றி எரியும், எரியட்டும் என்று லொரெட்டா விரலை எடுக்கவில்லை. இர்விங் அவள் முழங்கையைத் தொட்டான், அவள் தலையை ஆட்டினாள், அப்புறம் சொல்கிறேன் என்று.

பாட்டு ஏறியது. கீழே முடிக்கிற வழி பிரியும் இடம் வந்தது, அங்கே ஒரு மூச்சு எடுக்கவேண்டும், மார்வெல்லா எடுத்தாள், அந்த மூச்சு கடைசி வரிசை வரை கேட்டது, தயங்குகிறாளா, தயங்கத்தான் செய்தாள், வாத்தியக்குழுவை நடத்துகிறவர் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார், போம்மா, போ, எடு… எடுத்தாள். இடது காதில் அது நேராக வந்து நின்றது, ஒரு மயிரிழையும் குறைவில்லாமல், கத்தி மாதிரி இல்லை, தொண்டையில் கொஞ்சம் நடுக்கம் இருந்தது, ஆனால் சுருதி சுத்தம். லொரெட்டா விரலை மாற்றினாள். அதே வாய், அதே மூச்சு, வலது காதில் ஒரு படி இறங்கின இன்னொரு மார்வெல்லா. இரண்டு விரலையும் எடுத்தாள், இருவரும் சேர்ந்து பாடினார்கள், ஒருத்தி காத்திருக்காதவளாகவும் ஒருத்தி காத்திருந்து அலுத்தவளாகவும், ஒன்றோடொன்று உரசிக்கொண்டு அதிர்ந்தது, கேட்கச் சகிக்காது என்று நினைத்தாள், ஆனால் விட மனசில்லை. சட்டென்று இமொஜீனின் ஸ்வரத்தை மனசுக்குள் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது, நாற்பது வருடமாகக் கூப்பிட்ட உடனே வருகிற ஸ்வரம், வந்தது, ஆனால் இரண்டில் எதோடு ஒட்டிக்கொள்ளும் என்று பார்த்தால் இதோடும் ஒட்டுகிறது, அதோடும் ஒட்டுகிறது, நினைவில் கேட்பதை எந்தக் காதை அடைத்துச் சோதிப்பது?

கைதட்டலில் கொட்டகை அதிர்ந்தது. மார்வெல்லா துணியைக் கையில் பிடித்தபடியே நின்றாள், வேஷம் கலையாமல், ஆனால் மார்பு ஏறி இறங்கியது. கொரீன் எழுந்து நின்று தட்டிக்கொண்டே திரும்பி லொரெட்டாவை முறைத்தாள். லொரெட்டாவும் தட்டினாள், உள்ளங்கை வலிக்கிற வரை தட்டினாள். இன்றைக்கே எழுதவேண்டும், தவறு என் காதில் என்று. எழுதினால் பின்கம்பி என்கிற பெயர் என்னாகும் என்று தெரியவில்லை, அடுத்த புதன்கிழமை எதற்காக இங்கே வந்து நிற்பது, எதைக் கேட்க, கேட்டு எதைச் சொல்ல? இர்விங் குனிந்து அவள் காதருகே வந்தான்.

"என்ன, இறங்குச்சா?"

எப்போதும் கேட்கிற கேள்விதான், அவள் சொல்வதற்காகக் காத்திருந்தான், கோட்டு கையில், தலை கொஞ்சம் சாய்ந்து.

"உனக்கு எப்படிக் கேட்டுச்சு இர்விங்?"

அவன் ஏதோ காசைத் தொலைத்தவன் மாதிரி விழித்தான். "எனக்கா?" என்றான். கைதட்டல் அடங்கினதும் மெதுவாக, "நீ என்னை இதைக் கேட்டதே இல்லையே" என்றான், குறையாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னான். அப்படியா? ஒரு தடவைகூடவா? ஒவ்வொரு புதன்கிழமையும் இந்த வாசலிலிருந்து ரயில் நிலையம் வரை நடந்த நடையை எல்லாம் அவள் அவசரமாகத் திருப்பிப் பார்த்தாள், மழையில், பனியில், சூப் குடித்த மேசையில், எல்லாவற்றிலும் அவள் பேசிக்கொண்டிருந்தாள், அவன் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு வந்தான், அத்தனை நாடகத்திலும் அவனும்தான் நின்றான், அவனுக்கும் இரண்டு காது இருந்தது… இத்தனை வருடமாக இவன் என்னதான் கேட்டுக்கொண்டிருந்தான்? மேடையில் கடைசிக் காட்சி தொடங்கிவிட்டது. லொரெட்டா அதைப் பார்க்கவில்லை, தன் இடது பக்கத்தை இர்விங்கின் பக்கம் திருப்பிக்கொண்டு, அவன் சொல்வதற்காக நின்றாள்.