கிறிஸ்டினா வீட்டுப் பூட்டு

காலையில் காலணித் தொழிற்சாலைப் பேருந்து தெருமுனையைக் கடந்துவிட்டால், ஆம்பூரின் எங்கள் பகுதியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். இது திருடர்களுக்கும் தெரியும், காவலர்களுக்கும் தெரியும். தெரிந்ததைப் பயன்படுத்துபவர்கள் திருடர்கள் மட்டுமே. எதிர்வீட்டுச் சுந்தரமூர்த்தி, மகளின் திருமணத்துக்குச் சேர்த்த நகைகளை அப்படித்தான் இழந்தார். புகார் கொடுத்ததற்கு ரசீது கிடைத்தது. நகை கிடைக்கவில்லை.

காலணிக்கு மேல்தோல் தைக்கும் கிறிஸ்டினா, காய்ச்சலால் அன்று வேலைக்குப் போகவில்லை. கொல்லையில் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தவள், முன்கதவு உடைக்கப்பட்டிருப்பதையும் படுக்கையறையில் ஒருவன் பீரோவை நெம்பிக்கொண்டிருப்பதையும் கண்டாள். வேலைநாள்களில் அந்த அறையையும் பூட்டிச் செல்வது அவள் வழக்கம். நாதாங்கியில் பூட்டும் சாவியும் தொங்கின. கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள். பிறகுதான் எங்களைக் கூப்பிட்டாள்.

நான் போய்ச் சேர்வதற்குள் தெருவே அவள் வீட்டுக்குள் நின்றது. சுந்தரமூர்த்தியின் கையில் இரும்புக் கம்பி இருந்தது. வீடு புகுந்தவனை அடித்துக் கொன்றாலும் தற்காப்பே என்றார் அவர். ஆபத்து நீடிக்கும் வரையில்தான் அந்த உரிமை உண்டு என்றும், பூட்டிய அறைக்குள் கிடப்பவனை வெளியே இழுத்து அடிப்பது தற்காப்பாகாது என்றும் நான் எடுத்துரைத்தேன்.

"உங்க வூட்ல போயிருந்தா தெரியும் சார்" என்றார்.

பின்பு கிறிஸ்டினாவிடம் திரும்பினார். "இன்னாம்மா, சாவியத் தரப்போறியா இல்லியா?"

"அந்த ரூம்லதான் எம் பொண்ணு ரோஷினி படுக்குது. அங்க ஒருத்தன் செத்துக் கிடந்தா அது எப்டிண்ணா தூங்கும்? மொதல்ல என்னைத்தான் போலீஸ் இட்டுக்கினு போகும்."

அவர் கையை நீட்டியபடியே நின்றார். கிறிஸ்டினா வெளியே சென்று பக்கச் சந்தில் நுழைந்தாள். ஜன்னல் கம்பிகளின் வழியாகச் சாவியை அறைக்குள் எறிந்துவிட்டுத் திரும்பினாள். பூட்டு வெளியே, சாவி உள்ளே. அவனாலும் திறக்க முடியாது, எங்களாலும் முடியாது.

சுந்தரமூர்த்தி கம்பியைப் பூட்டின் வளையத்துக்குள் செருகினார். அவள் தடுக்கவில்லை.

"ஒடைங்கண்ணா. முன்கதவ அவன் ஒடைச்சான், ரூம் பூட்ட நீங்க ஒடைச்சீங்கன்னு ரெண்டு கம்ப்ளெய்ன்ட்டா குடுத்துடறேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சுந்தரமூர்த்தி சிரிக்கவில்லை. கம்பியை மெதுவாக உருவி என்னிடம் நீட்டினார், நானும் வாங்கிக்கொண்டேன். கதவின் மறுபுறம் அதுவரை கேட்ட உதையும் வசவும் அடங்கின.

ஒரு வழியாகக் காவலர்கள் வந்தார்கள். தெருவில் அவர்களுடைய வாகனத்தைப் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கூட்டத்தை வெளியேற்றிவிட்டு உதவி ஆய்வாளர் சாவி கேட்டார். கிறிஸ்டினா ஜன்னலைக் காட்டினாள். உள்ளே இருந்தவன் கம்பிகளுக்கு இடையே கையை விட்டுச் சாவியை நீட்டினான்.

அவனை வெளியே கொண்டுவந்தபோது, தன்னை அடிக்கக் காத்திருந்தவர்களை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. சுந்தரமூர்த்தி மட்டும் முன்னே வந்தார்.

"எம் பொண்ணு நகை எங்கடா?"

ஸ்டேஷனில் விசாரித்துக்கொள்வதாக உதவி ஆய்வாளர் சொன்னார். வாகனத்தின் கதவு சாத்தப்படும் வரை சுந்தரமூர்த்தி உடன் நடந்து, அதே கேள்வியைக் குரல் தாழ்த்தித் தாழ்த்திக் கேட்டுக்கொண்டே போனார். ஏறும்போது அவன் ஒருமுறை திரும்பினான்.

"வாணியம்பாடில வித்தேன்" என்றான்.