கடையில் ஓடிய பாட்டு

அப்துல் நாசர் மௌத்தாகி, கடை வைத்திருந்த அரபு நாட்டில், தமாமிலேயே அடக்கமும் முடிந்துவிட்டது. அவர் மனைவி நான், லெப்பைக்குடிக்காட்டில், மாமியார் வீட்டில், இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகக் கூடாது, வண்ணச் சேலை கூடாது, பாட்டு கூடாது. எனக்கு இதில் எதுவும் கஷ்டமாக இல்லை. அழுகையும் வரவில்லை. கட்டிப்பிடித்து அழுதவர்கள் தங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

எனக்கிருந்த ஒரே தொல்லை கதைதான். செல்போன் செயலி ஒன்றில் தொடர்கதை எழுதுகிறேன். கடைசி அத்தியாயம் பாக்கி. வெளிநாட்டில் இருந்து வருகிறவன் அரியலூர் ஸ்டேஷனில் இறங்க வேண்டும், அவள் அவனைப் பார்க்க வேண்டும், முற்றும். எப்போது இறங்குவான் என்று வாசகிகள் நச்சரிக்கிறார்கள். ரயில் வந்து நிற்பது வரை எழுதிவிட்டேன். ஆள்தான் இறங்க மாட்டேன் என்கிறான்.

நான் எழுதுகிற விதம் அப்படி. சமையலை முடித்துத் தாளோடு உட்கார்ந்ததும் அவர் கடையில் இருந்து போன் போடுவார். பேச மாட்டோம். அவர் போனைக் கல்லாப்பெட்டி மேல் சாய்த்து வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்ப்பார், நான் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு எழுதுவேன். கடையில் பழைய சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். என் கதைகளில் எத்தனை பேர் காதலித்தார்களோ, அத்தனை பேரும் அந்தப் பாட்டில்தான் காதலித்தார்கள்.

ஒரே குறை, அவரும் கூடவே பாடுவார். தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி, சுருதிக்குப் பக்கத்துத் தெருவில்.

"மச்சான், கொஞ்சம் வாய மூடுங்க. காதல் சீன் எழுதுறேன், எரும கத்துற மாதிரி இருக்கு."

"பாட்டக் கேளு புள்ள, என்னைய ஏன் கேக்குற?" என்று இன்னும் சத்தமாகப் பாடுவார்.

இப்போது கடையை என் தம்பி அஸ்ஃபாக் பார்த்துக்கொள்கிறான். போனைப் போட்டு வை, பேச வேண்டாம் என்று அவனிடம் கேட்டேன். வைத்தான். ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் வந்தது, யாரோ தண்ணீர் பாட்டில் கேட்டார்கள். பாட்டு வரவில்லை.

"பாட்டு என்னடா ஆச்சு?"

"மௌத்தானவங்க கடையாச்சேக்கா. அன்னைக்கே நிறுத்திட்டேன்."

"போடு."

"நீ இத்தாவுல இருக்க. மாமிக்குத் தெரிஞ்சா என்னையத்தான் ஏசுவாங்க."

"எனக்குப் போட வேணாம். கடைக்குப் போடு. எழுதி முடிக்கணும்டா."

போட்டான். எதிரே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மாமி, யார் போனில் என்று கேட்டார். தம்பி என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கீரையைப் பார்த்தார்.

பேனா ஓடியது. ரயிலில் அவன் எழுந்தான், பெட்டியை எடுத்தான், படியில் ஒரு காலை வைத்தான். பல்லவி முடிந்து சரணம் தொடங்கியது. நடுவில் ஒரு வயலின் வந்தது. இந்தப் பாட்டில் வயலின் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக அந்த இடத்தில் அவர் கத்திக்கொண்டிருந்தார்.

பாட்டு ஒரு தடங்கலும் இல்லாமல் கடைசி வரை போய் நின்றது. நின்ற பிறகும் நான் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எப்போதும் பிந்தித்தான் முடிப்பார். ஃப்ரிட்ஜ் ஓடியது. அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. தாளில் அவன் படியில் வைத்த காலோடு அப்படியே நின்றான்.

மாமி கீரையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்து என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தார். அப்போதுதான் நனைந்திருப்பது தெரிந்தது.

"தம்பி என்னம்மா சொன்னான்?"

"ஒன்னும் சொல்லல மாமி," என்றேன். "பாட்டு நல்லா கேக்குது."