புதிய எண் பதினான்கு

மார்ச் 11, செவ்வாய். பழைய கதவு எண்ணைப் புதிய எண்ணுக்கான கட்டத்தில் எழுதிவிட்டேன். சின்னத் தவறு.

நாட்குறிப்பில் எழுதியதைப் படித்துப் பார்த்து, ‘சின்ன’ என்பதை அடித்தாள் ஃபிர்தௌஸ்.

பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் புதிதாக வந்த சட்டத்துக்காக ராயப்பேட்டைத் தெருக்களில் கணக்கெடுத்தவள் அவள். பகலில் இந்த ஒப்பந்த வேலை, மாலையில் சட்ட வகுப்பு. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் பழையது, புதியது என்று இரண்டு கதவு எண்கள். ஒவ்வொரு வீட்டையும் இரண்டு முறை சரிபார்ப்பாள். அப்படியும் பழைய எண் பதினான்கில் இருந்த தேக்குத்தூண் மாளிகை அரசிதழில் வெளியான பாதுகாப்புப் பட்டியலில் வரவில்லை. அதே தெருவில் புதிய எண் பதினான்கில் இருக்கும் சண்முகவடிவின் ஓட்டு வீடு வந்துவிட்டது.

அன்று காலையில் அந்தத் தெருவில் போனவளைச் சண்முகவடிவு நிறுத்தினாள். பக்கவாதம் வந்த கணவருக்காக, படுக்கும் அறையை ஒட்டிக் கழிப்பறை கட்ட அவள் போட்ட மனு திரும்பி வந்திருந்தது.

“ஏம்மா, எங்க வீட்டுல எந்த ராசா வந்து தங்குனாரு? சுவத்துல கை வச்சா கேசாம்ல! கொல்லைக்கு நாலு படி இறங்க முடியாம மனுசன் வாளியில போறாரு. அந்த வாளியையும் லிஸ்ட்டுல சேத்துக்கோங்க.”

ஃபிர்தௌஸுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. நேரே அலுவலகத்துக்குப் போனாள்.

“தப்பு என்னுது சார். திருத்திடலாமா?”

அதிகாரி சிதம்பரநாதன் டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை. “அரசிதழ்ல வந்தாச்சும்மா. வீட்டுக்காரங்கதான் ஆட்சேபம் தரணும். நாளையோட கெடு முடியுது. அப்புறம் கமிட்டி கூடணும். கமிட்டிக்கு இன்னும் ஆளே போடல.”

“அந்த மாளிகை?”

“லிஸ்ட்ல இல்லாததை யாரு காப்பாத்துவா? போன வாரமே இடிச்சிட்டாங்க, முறைப்படி அனுமதி வாங்கி.” குரலைத் தாழ்த்தினார். “அந்தம்மா வீடும் பழசுதானே? வுடு. மனுவுல உன் பேரு வந்துச்சுன்னா ஒப்பந்தம் நீட்டிக்க மாட்டாங்க, பாத்துக்க.”

மாலை வகுப்புக்குப் போகாமல் அதே தெருவுக்குத் திரும்பினாள். சண்முகவடிவு வீட்டு வாசலில் இருவர் ‘பாதுகாக்கப்பட்ட கட்டடம்’ என்ற பலகையை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆணி இறங்க இறங்கச் சுவரின் காரை பெயர்ந்து விழுந்தது. அதற்கு யாரும் அனுமதி கேட்கவில்லை. சண்முகவடிவு துடைப்பத்தோடு வந்து கூட்டி அள்ளினாள். ஃபிர்தௌஸ் எதிர்ச்சாரியில் ஐந்து நிமிடம் நின்றாள். தெருவைக் கடக்காமலே வீடு வந்து சேர்ந்தாள்.

‘பயந்துவிட்டேன்’ என்று எழுதினாள். அதை அடிக்கவில்லை. அதன் கீழே எழுதினாள்:

நாளை, புதன். காலை எட்டு மணிக்குச் சண்முகவடிவு அக்கா வீட்டுக்குப் போய், எண்ணைத் தவறாக எழுதியது நான்தான் என்று சொல்ல வேண்டும். ஆட்சேப மனுவில் அவர் கையெழுத்து, கணக்கெடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர். பன்னிரண்டு மணிக்குள் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.