யார் கையால் தைலம்

முன்னறையில் இருந்தவர்கள்: ஆயுர்வேத வைத்தியர், தையல்காரி, அவளுடைய அண்ணன், அண்ணி. தையல் மெஷினையும் சேர்த்துக்கொள்ளலாம். சண்டையே அதனால்தான். பெயின்ட் டின் அடுக்க இடம் வேண்டும் என்று அண்ணன் நேற்று அதை வெளியே இழுத்தான். அவள் விடவில்லை. கையைப் பின்னால் முறுக்கிவிட்டான்.

வைத்தியர் எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். தோளைச் சுற்றி இரண்டு விரலால் அழுத்தினார்.

"எலும்பு தப்பிச்சுது. தசைநார்தான் இழுபட்டிருக்கு. எப்படி ஆச்சு?"

"மாடிப்படியில விழுந்துட்டா," என்றான் அண்ணன்.

"உன்னைக் கேக்கல."

தையல்காரி மெஷினைப் பார்த்தாள். வலது கை போனால் வெட்டும் வேலை போச்சு. வேறு தொழில் அவளுக்குத் தெரியாது.

"மூணு நாளைக்கு இந்த மருந்தை அரைச்சுப் பூசணும். கையைக் கழுத்துலேருந்து துணியால தூளி கட்டித் தொங்கவிடு. வீக்கம் வடியற வரைக்கும் தைலம் கிடையாது. அப்புறம் இளஞ்சூட்டுல தடவணும், பன்னெண்டு நாள். இழுத்தா, அமுக்கினா, இந்தக் கை தலைக்கு மேல போகாது."

"அவ்வளவு நாள் எதுக்கு? நானே இப்ப நாலு தேய் தேய்க்கிறேன். கூடப்பொறந்தவன் எதுக்கு இருக்கேன்?"

அண்ணன் கையை நீட்டினான். படுவதற்கு முன்பே அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வைத்தியர் அவளுடைய சட்டைக் கையை ஒதுக்கினார். நாலு விரல் தடம் கன்றியிருந்தது.

"உங்க வீட்டு மாடிப்படிக்கு விரல் இருக்கா?"

"வைத்தியம் பாக்க வந்தியா, போலீஸ் வேலை பாக்க வந்தியா?"

"முறுக்கின கையில தைலத்தைக் குடுக்கமாட்டேன். வேற யாரு தடவுவா?"

"குடுங்க இப்படி," என்றாள் அண்ணி. "எனக்கும் இவளுக்கும் ஆகாது. ஒரு வருஷமா பேச்சே இல்ல. அதுக்காக இதைப் பாத்துட்டு நிக்க முடியாது."

"ஏய், நீ யாருக்குப் பொண்டாட்டி?"

"அதனாலதான் உன் கை எப்படின்னு எனக்குத் தெரியும்."

அண்ணன் மெஷினை எட்டி உதைக்கப் போனான். தையல்காரி மேசையிலிருந்த கத்தரிக்கோலை இடது கையில் எடுத்தாள்.

"வெளிய போ."

அவன் சிரித்தான். "இடது கையால உனக்குத் துணியே வெட்ட வராதேடி."

"நேரா வெட்ட வராது. அவ்வளவுதான்."

சிரிப்பு நின்றது. அவளைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வாசலைத் தாண்டினான். அவள் காலால் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு, கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். இடது கைக்குத் தாழ்ப்பாள் சரியாக வரவில்லை. இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை விழுந்தது. பூட்டையும் போட்டாள்.