கடைசிப் பந்திக்கு ஒரு பிட்சர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது நான் செய்த ஒரு மடத்தனத்தால். மொன்றியலில் ஒரு பூப்புனித நீராட்டு விழா. அழைப்பிதழில் மாலை ஐந்து மணி என்று போட்டிருந்தது. நான் ஐந்து மணிக்கே போய்விட்டேன். எங்கள் சனத்தைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். மண்டபத்தில் கதிரை அடுக்குகிற ஒருவரும், என்னைப் போலவே ஏமாந்து வந்த தனுஷாவும்தான் இருந்தார்கள். தனுஷா சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கல்லூரியில் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறவள். மற்றவர்கள் வந்து சேரும்வரை பொழுது போகவேண்டுமே, அவள் ஒரு கதை சொன்னாள். கதை கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது சனமும் வந்தது, வீடியோ லைட்டும் வந்தது. படம் எடுக்க அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதன் கடைசி வசனம் என்னிடம் இல்லை.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

“இரவிச்சந்திரன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவருடைய அணி இந்தமுறையும்—”

[முதல் வரைவில் பயிற்சியாளர் ஆண். பேஸ்போல் பெடியளுக்கு ஒரு தமிழ்ப் பெண் கோச் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று பயந்தேன். இரவிச்சந்திரனுக்கு மீசை, மூட்டுவலி எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். மனிதர் நாலு பக்கத்துக்குத் தலையைச் சொறிந்துகொண்டே இருந்தார். வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.]

“மேப்பிள் மரங்கள் தீப்பிடித்தது போல—”

[கனடாவில் தமிழில் எழுதுகிற எல்லோரிடமும் இந்த மரம் ஒன்று இருக்கிறது. என்னுடையதை வெட்டிவிட்டேன்.]

நடந்தது இதுதான். 2004ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அந்தக் கல்லூரி அணியின் கோச் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆசிரியர் கூட்டத்தில் ‘யார் பொறுப்பெடுப்பது’ என்று கேட்டபோது தனுஷா வேறு ஏதோ யோசனையில் தலையாட்டினாள். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் வளர்ந்தவள், பள்ளிக்கூடத்தில் பேஸ்போலின் தங்கையான சொஃப்ட்போல் விளையாடியவள் என்பதும் எப்படியோ வெளியே வந்துவிட்டது. அணி அதுவரை ஒரு ஆட்டமும் வென்றிருக்கவில்லை. நகரத்தின் பெரிய பேஸ்போல் அணியே அமெரிக்காவுக்கு இடம்பெயரப்போகிறது என்ற செய்தியும் அந்த நாட்களில்தான் வந்தது. ஊரே துக்கம் கொண்டாடியது. இடம்பெயர்வதைப் பற்றி எங்களிடம் யாரும் ஆலோசனை கேட்கவில்லை.

3

என்னைப் போல் கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களுக்கு: பேஸ்போலில் பந்து எறிகிறவர் பிட்சர். கையை மடக்கித்தான் எறிவார். கிரிக்கெட்டில் எதற்காக ஆளை விசாரணைக்குக் கூப்பிடுவார்களோ, அதற்கு இங்கே கைதட்டுகிறார்கள். ஆட்டம் ஒன்பது சுற்று. ஒருவர் தொடங்கிவைப்பார். கடைசிச் சுற்றில் வெற்றியைக் காப்பாற்ற இன்னொருவரை இறக்குவார்கள். வெளியே எடுத்தவரைத் திரும்ப இறக்க முடியாது. இவ்வளவும் போதும். எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.

தனுஷாவிடம் இரண்டு பிட்சர்கள் இருந்தார்கள். பஸ்கால் எறியும் பந்து, விமான நிலையத்தில் பெட்டி வருகிற பெல்ட் மாதிரி ஆறுதலாக வரும். ஆனால் எத்தனை சுற்றுக்கும் ஒரே மாதிரி வரும்; அடிக்க நிற்கிறவன் பொறுமை இழந்து தானாகவே பிழைவிடுவான். லக்ஷன் எறிந்தால் பந்து கண்ணுக்கே தெரியாது, முதல் சுற்றில். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் தெரியும். மூன்றாவதில் நன்றாகவே தெரியும், வேலிக்கு அப்பால் போய் விழும்போது. பழைய கோச் அந்த முதல் சுற்றின் அழகில் மயங்கி, ஒவ்வொரு ஆட்டத்தையும் லக்ஷனை வைத்தே தொடங்கி ஒவ்வொன்றையும் தோற்றிருந்தார்.

பஸ்கால் தொடங்கவேண்டும், லக்ஷன் முடிக்கவேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பட்டமும் தேவையில்லை. தனுஷா அப்படியே மாற்றினாள். வெல்லவில்லை, ஆனால் தோல்விகள் சின்னதாகிக்கொண்டு வந்தன. சிக்கல் என்னவென்றால், லக்ஷன் அவளுடைய மாமி மகன்.

4

மாமியின் பெயர் குணேஸ்வரி. தனுஷாவின் அப்பாவின் தங்கை. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையல்கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்பதால் மகன் விளையாடுவதை ஒருநாளும் பார்த்ததில்லை. கடைசி ஆட்டத்துக்கு முந்திய வாரம் தொலைபேசியில் வந்தாள்.

“பிள்ளை, லக்ஷனைக் கடைசியாத்தான் விடுறியாம்?”

“ஓம் மாமி. அதுதான் முக்கியமான—”

“எனக்குக் கதை அளக்காதை. முந்தி இருந்த வெள்ளைக்காரன் அவனை முதல் விட்டவன். நீ சொந்த மச்சாள், கடைசிப் பந்தியில இருத்திப்போட்டாய்.”

“இது பந்தியில்லை மாமி.”

“எல்லாம் பந்திதான். கறி முடிஞ்சாப் பிறகு அப்பளமும் ரசமும் குடுக்கிற பந்தி. வாற ஞாயிறு லீவு எடுத்திருக்கிறன். கொப்பா, கொம்மா, ஞானேந்திரன் அண்ணை குடும்பம் எல்லாரையும் வரச்சொல்லியிருக்கிறன். என்ர பிள்ளை முதல் நிக்கிறதை நான் பார்க்கவேணும். இல்லாட்டி இந்த விளையாட்டு இதோட காணும்.”

வெறும் வெருட்டு என்று தனுஷா நினைக்கவில்லை. மாமி ‘காணும்’ என்று சொன்ன பிறகு அந்த வீட்டில் எதுவும் தொடர்ந்ததில்லை. லக்ஷனுக்கோ இந்த விளையாட்டை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. அவன் இதற்காகத்தான் கல்லூரிக்கே வருகிறான் என்பதை, அவனுடைய புள்ளிவிபரப் பேப்பர்களைத் திருத்துகிற தனுஷாவைவிட யார் அறிவார்?

5

[இந்தப் பகுதியை எழுதும்போது எனக்குத் தனுஷாவில் கொஞ்சம் பொறாமை. கதை எழுதுகிறவனுக்கு வந்திருக்க வேண்டிய யோசனை அவளுக்கு வந்தது.]

மாமியைத் திரும்பக் கூப்பிட்டாள். “ஒரு மணிக்கு மாட்ச் தொடங்கும். எல்லாரையும் நேரத்துக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

சொன்னது அவ்வளவுதான். எங்கள் சனத்துக்கு ஒரு மணி என்றால் மூன்று மணிக்கு மேல்தான் கார் கதவு திறக்கும். அப்போது ஒன்பதாவது சுற்று நடக்கும். லக்ஷன் நடுவில் நிற்பான். தொடக்கத்திலிருந்தே அவன்தான் நிற்கிறான் என்று மாமி நினைத்தால், அதற்குத் தனுஷா என்ன செய்ய முடியும்?

பயிற்சி முடிந்ததும் லக்ஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் சுருங்கியது.

“அம்மாட்டப் பொய் சொல்லுறதோ, கோச்?”

“நான் எங்க பொய் சொன்னனான்? சரியான நேரத்தைத்தான் சொன்னனான்.”

அவன் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, “நான் கடைசியா வாறது உண்மையிலேயே நல்லதோ, இல்லாட்டிச் சும்மா சொல்லுறீங்களோ?” என்று கேட்டான். இதை மாமி கேட்டதைவிட அவன் கேட்டதுதான் தனுஷாவுக்கு வலித்தது.

6

ஞாயிற்றுக்கிழமை. நல்ல குளிர்.

“காற்று ஆற்றுப் பக்கமிருந்து—”

[வேண்டாம். குளிர் என்றால் குளிர்.]

ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. தனுஷா அணிப் பட்டியலை எடுத்துக்கொண்டு நடுவரிடம் போகப் புறப்பட்டவள், பார்வையாளர் பலகைகளைப் பார்த்து அப்படியே நின்றாள். முன்வரிசையில் குணேஸ்வரி இருந்தாள். தனியாக. தடித்த கோட்டு, கம்பளித் தொப்பி, மடியில் ஒரு பெட்டி நிறைய வீட்டில் பொரித்த ரோல்ஸ்.

தனுஷாவின் கணக்கில் விட்டுப்போன ஒன்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கலியாண வீடுகளுக்குப் பிந்திப் போகிற மாமி வேறு. டோர்வலில் வேலை செய்கிற மாமி வேறு. விமானம் யாருடைய சோற்றுக்கும் காத்திராது. இன்றைக்கு அந்த இரண்டாவது மாமி வந்திருந்தாள். மற்றவர்கள் வழக்கம்போல் இன்னும் வரவில்லை.

7

பட்டியலில் பஸ்காலின் பெயர் இருந்தது. தனுஷா பேனையை எடுத்தாள்.

[மாற்று முடிவு, எனக்கு மிகவும் பிடித்திருந்தது: அவள் பெயரை வெட்டி லக்ஷனைப் போடுகிறாள். முதல் சுற்றில் மாமி எழுந்து நின்று கைதட்டுகிறாள். மூன்றாவது சுற்றில் பந்து வேலிக்கு அப்பால் பறக்க, அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருகிறான். அந்த நேரம் பார்த்து மற்றவர்களின் கார்கள் வந்து நிற்கின்றன. நல்ல சோகம், நன்றாக விலைபோகும். ஆனால் நடக்கவில்லை.]

பேனை பெயரைத் தொட்டபோது பஸ்கால் பார்த்துவிட்டான். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் பேனை தெரியும். கையுறையைக் கழற்றத் தொடங்கினான். லக்ஷன் அதைக் கண்டான். தாயையும் கண்டான். தனுஷாவின் பக்கத்தில் வந்து, மைதானத்தில் முதல் தடவையாக முறை சொல்லிக் கூப்பிட்டான்.

“மச்சாள், அவன்ர அம்மாவும்தான் வந்திருக்கிறா.”

வந்திருந்தாள். பஸ்காலின் தாய் எல்லா ஆட்டத்துக்கும் வருகிறவள். இப்போது குணேஸ்வரிக்குப் பக்கத்திலேயே வந்திருந்து, போத்தலிலிருந்து அவளுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். தனுஷா பேனையை மூடினாள். அவமானமாக இருந்தது என்று என்னிடம் சொன்னாள்.

8

எட்டுச் சுற்றும் பஸ்கால் எறிந்தான். எட்டுச் சுற்றும் குணேஸ்வரி வேறொருத்தியின் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனுஷாவுக்கு அந்தப் பக்கம் திரும்பப் பயம். இடையில் ஒருமுறை திரும்பியபோது, பஸ்காலின் தாய் ரோல்ஸ் கடித்துக்கொண்டு “மெர்சி, மெர்சி” என்று நன்றி சொல்வதும், மாமி பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவதும் தெரிந்தது.

எட்டாவது முடிய, இவர்கள் ஒரே ஒரு ஓட்டம் முன்னால். தனுஷா கையைக் காட்டினாள். லக்ஷன் நடந்து வந்தான். பஸ்கால் பந்தைத் தன் கையாலேயே அவனிடம் கொடுத்தான். பஸ்காலின் தாய் எழுந்து நின்றாள். பிறகு பலகைகளில் இருந்த எல்லோரும் எழுந்தார்கள். ஏன் எழும்புகிறார்கள் என்று குணேஸ்வரி சுற்றிப் பார்த்தாள். கடைசியாக வருகிறவனுக்கு எழும்புகிற பந்தியை அவள் கண்டதில்லை. மெல்லத் தானும் எழுந்தாள்.

அப்போதுதான் கார்கள் வந்தன. மடிக்கிற கதிரைகளும் சோற்றுச் சட்டிகளுமாக எங்கள் சனம் இறங்கியது. ஞானேந்திரன் மூச்சு வாங்க வந்து, குணேஸ்வரியிடம் ஒரு கேள்வி கேட்டார். தனுஷாவுக்கு அது தெளிவாகக் கேட்டது. மாமி சொன்ன பதிலும் கேட்டது. அதை எனக்குச் சொல்ல வாயைத் திறந்தாள். மண்டபத்தில் வீடியோ லைட் எரிந்தது.*

[* ஆட்டத்தை வென்றார்கள். அந்த வருடத்தின் ஒரே வெற்றி. அடிக்குறிப்பில் போட்டதற்குக் காரணம், கதை அங்கே இல்லை.]

இன்னும் ஒன்றைச் சொல்லவேண்டும். தனுஷா கதை சொன்ன அன்று விழா மண்டபத்தில் மேசை மேசையாகச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் சனம் அதையும் பந்தி என்றுதான் சொல்லும். ஞானேந்திரனின் மனைவி, “வாங்கோ, முதல் பந்தி” என்று, விழாவுக்கு வந்திருந்த குணேஸ்வரியின் கையைப் பிடித்தாள். பக்கத்தில் நெடுநெடுவென்று லக்ஷன். “நீங்கள் இருங்கோ. நாங்கள் கடைசியா இருக்கிறம்,” என்றாள் குணேஸ்வரி, கொஞ்சம் சத்தமாகவே. இதை நீங்கள் எப்படியும் எடுத்துக்கொள்ளலாம். நாள் முழுக்கச் சாப்பாடு கட்டுகிறவளுக்குப் பசியில்லாமலும் இருந்திருக்கலாம்.

நான் பஸ்கால் வகை. எட்டுச் சுற்றும் ஆறுதலாக எறிந்தாயிற்று. இந்தாருங்கள், பந்து. ஒன்பதாவது உங்களுடையது.

9

“முதலிலயிருந்தே லக்ஷன்தானோ எறிஞ்சவன்?” என்று ஞானேந்திரன் கேட்டார்.

குணேஸ்வரி மகனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: