கதவில்லாத லிஃப்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

1

இந்தக் கதை எனக்கு இரண்டு மாடிகளுக்கு நடுவில் கிடைத்தது. கத்தாரில், தோஹாவின் நஜ்மா பகுதியில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் ஒரு மதியம் பாதி வழியில் நின்றுவிட்டது. தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். சாமிக்குப் பதில் பாஸ்கர் வந்தார். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் இன்ஜினியர், திருச்சிக்காரர். அவருடைய ஆட்கள் மேலே வேலை பார்க்க, அவர் கதவுக்கு வெளியே நின்று எனக்குப் பேச்சுத் துணையாக இருந்தார்.

"பயமா இருந்தா பயம்னே சொல்லுங்க சார், தப்பில்ல. என் வீட்டுக் கதை ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கிட்டே இருங்க."

அந்தக் கதைதான் இது. முடிவதற்குள் என்னை வெளியே எடுத்துவிட்டார்கள், அவரும் அடுத்த சைட்டுக்கு ஓடிவிட்டார். ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நன்றி சொல்ல வேறு யாராவதாக இருந்தால் பழம் வாங்கிப் போவார்கள். எனக்குத் தெரிந்தது எழுத்துதான்.

2

தொடக்கம் ஒன்று: "ஆயிரம் கோபுரங்களின் நகரமான பிராகில் அன்று பனி பொழி—" (வேண்டாம். டிராவல் ஏஜென்சி நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.)

தொடக்கம் இரண்டு: சுசீலாவுக்கு லிஃப்ட் என்றால் பயம்.

இது போதும். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். லிஃப்ட் இன்ஜினியரின் மனைவி படிக்கட்டில் ஏறினாள். முன்பொருமுறை லிஃப்டுக்குள் இருட்டில் மாட்டிக்கொண்ட பிறகு அவள் எந்த லிஃப்டிலும் கால் வைத்ததில்லை. குடியிருந்தது இரண்டாவது மாடி என்பதால் வண்டி ஓடியது. இப்போது அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். கட்டுப்படியாகும் வாடகைக்குக் கிடைத்த வீடு பதினோராவது மாடியில்.

"நானும் தாரிணியும் திருச்சிக்கே போயிடறோம்" என்றாள், டீயை ஆற்றிக்கொண்டே. தாரிணி அவர்களுடைய மகள்.

 குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, ரூமில் கூட்டாளிகளோடு குப்பூஸ் ரொட்டியும் பருப்புமாகக் காலம் தள்ளும் ஆண்களைப் பாஸ்கருக்கு நன்றாகத் தெரியும். அந்த வரிசையில் தானும் போய் நிற்க அவருக்கு மனமில்லை.

3

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சுசீலா பயப்படுவது லிஃப்டுக்கு அல்ல, மூடிக்கொள்ளும் கதவுக்கு. கதவே இல்லாத லிஃப்டில் ஒருமுறை ஏறிவிட்டால்? ஐரோப்பாவில், பிராகில் ஒரு பழைய அரசு அலுவலகத்தில் அப்படி ஒன்று ஓடுவதாகப் படித்திருந்தார்.*

(* பேட்டர்நாஸ்டர் என்று பெயர். திறந்த பெட்டிகள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும், எங்கும் நிற்காது. ஓடும்போதே ஏறி, ஓடும்போதே இறங்க வேண்டும். நம்மூர் டவுன் பஸ்ஸில் பழகியவர்களுக்குச் சிரமமில்லை.)

மனைவியிடம் "சும்மா ஊர் சுத்திட்டு வரலாம்" என்றுதான் சொன்னார். இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. இப்படியும் ஒரு கணவர் இருப்பாரா? நம்மவர்களின் லீவெல்லாம் கிரகப்பிரவேசத்துக்கும் காதுகுத்துக்கும்தானே போகும்? அடித்துவிட்டு வேறு காரணம் எழுதிப் பார்த்தேன். பிறகு நினைத்துக்கொண்டேன்: முன்பின் தெரியாத என்னிடமே கதவில் வாய் வைத்துப் பேசிய மனிதர், கட்டியவளுக்கு இதைச் செய்ய மாட்டாரா? அடித்ததைத் திரும்ப எழுதினேன்.

4

பிராகில் வெள்ளிக்கிழமை பாலம் பார்த்தார்கள், சனிக்கிழமை கோட்டை. வெள்ளியன்று அந்த அலுவலகத்துக்கு எதிரிலேயே பெஞ்சில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டார்கள். ஆட்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

"பாவம், லீவு நாள்லயும் ஓவர்டைம் போல" என்றார் பாஸ்கர்.

தோஹாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலைநாள். இத்தனை வருடத்தில் அது உடம்பில் ஊறிவிட்டது. ஞாயிறு காலை, ஆபீஸ் திறந்திருக்கும் என்று இருவரையும் அழைத்துக்கொண்டு போனார். பெரிய கதவு சாத்தியிருந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை.

"அப்பா, இட்ஸ் சண்டே" என்றாள் தாரிணி.

பாஸ்கருக்கு முகம் விழுந்துவிட்டது. சாயங்காலம் ஃப்ளைட்.

"இங்க என்ன இருக்கு? எதுக்கு இப்படி நிக்கிறீங்க?" என்றாள் சுசீலா.

"லிஃப்ட். கதவே கிடையாது சுசீ. நீ ஏறிப் பாத்தா ஒருவேளை..."

"லிஃப்ட் காட்டவா என்னை ப்ளேன் ஏத்திக் கூட்டிட்டு வந்தீங்க?"

"ஆமா."

அவள் படியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணும் ஆகாது, ஏறுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நீங்களும்தான் சொன்னீங்க. என் பயத்துக்கு ஏத்த லிஃப்ட் எங்க இருக்குன்னு யாரும் தேடினதில்ல. ரொம்ப நல்லா இருங்க" என்றாள். புருஷனிடம் அப்படிச் சொல்கிற வழக்கம் அவளுக்கில்லை. அவர் தாரிணியின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

5

முடிவு (அ): காவலாளி இரக்கப்பட்டுக் கதவைத் திறக்கிறார். சுசீலா ஏறுகிறாள், பயம் பறக்கிறது. (நம்ப மாட்டீர்கள். நானும்தான்.)

முடிவு (ஆ): தாயும் மகளும் திருச்சிக்குப் போகிறார்கள். (எனக்கு மனம் வரவில்லை. இந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டவன்.)

பாஸ்கர் சொன்னது இதுவரைதான்: தோஹா திரும்பியதும் வீட்டைப் பார்க்கப் புதுக் கட்டடத்துக்குப் போனார்கள். லிஃப்ட் திறந்தது. சுசீலா கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கால் வைத்தாள், அடுத்த காலையும் வைத்தாள். மூட வந்த கதவை அவர் வாசலில் நின்று கையால் தடுத்தார். கதவு பின்வாங்கியது. மறுபடி வந்தது, மறுபடியும் தடுத்தார். சுசீலா கண்ணைத் திறந்தாள்.

"நீங்களும் உள்ள வாங்க. கையை எடுங்க" என்றாள்.

பாஸ்கருக்குப் போன் செய்து மிச்சத்தைக் கேட்கலாம். கேட்கப் போவதில்லை. பதினோரு மாடியும் ஏறினாளா, முதல் மாடியிலேயே இறங்கிவிட்டாளா என்பதை உங்களிடமே விடுகிறேன். கதவை மூடுவதானால் மெதுவாக மூடுங்கள். உள்ளே சுசீலா நிற்கிறாள்.