வியாழக்கிழமை ஜோடி

வியாழக்கிழமை என்றாலே அந்த வருடம் நார்பர்ட்டுக்கு விடியும்போதே சலிப்பாக இருந்தது. பனிக்காலம் பெயர்த்துவிட்டுப் போன சாலைப் பள்ளங்களைக் கோடை முழுக்க அடைத்துக்கொண்டே போவதுதான் ஏரிக்கரை ஊரான மேனிடோவாக்கின் நகராட்சியில் அவருக்கு வேலை. ஆகஸ்ட் வெயிலில் தார் வண்டிக்குப் பின்னால் நடந்தால் தலைக்கு மேலும் சூடு, காலுக்குக் கீழும் சூடு. சாயங்காலம் வேலை முடிந்து, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு, கோல்ஃப் மட்டைப் பையைத் தோளில் மாட்டும்போது இடது முழங்கால் முனக ஆரம்பிக்கும். அதற்குப் பிறகுதான் ஒன்பது குழி நடக்க வேண்டும்.

அந்த லீக்கில் பெரிய மனிதர்கள் யாரும் கிடையாது. ஒரு வாரம் நகராட்சி மைதானம், மறு வாரம் ஊருக்கு வெளியே இருக்கும் மாவட்ட மைதானம். குழாய் ரிப்பேர்க்காரர்கள், பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர், கிரேன் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்கள் என்று எல்லோரும் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து ஆடுவார்கள். எந்த ஜோடியில் ஒருவர் குறைந்த அடியில் தன் பந்தைக் குழியில் போடுகிறாரோ, அந்தக் குழி அவர்களுக்கு. சுமாராக ஆடுகிறவர்களுக்கு ஓரிரு அடி தள்ளுபடியும் உண்டு. நார்பர்ட்டுக்கும் அவருடைய ஜோடி டெல்மருக்கும் அந்தத் தள்ளுபடி தாராளமாகவே கிடைத்துவந்தது.

டெல்மர் அவருடைய மனைவி ஆர்லீனின் அண்ணன். கல்யாணமான புதிதில், "மாப்ள, சாயங்காலத்துல வீட்ல உக்காந்து என்ன பண்ணப்போற?" என்று இழுத்துக்கொண்டு போனவர்தான். அன்று ஆரம்பித்த ஜோடி. பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு ஊருக்குப் போனார்கள். அப்புறம் ஒரு நாள், சண்டை சச்சரவு எதுவும் இல்லாமல், ஆர்லீனும் போனாள். விவாகரத்து முடிந்த வாரம், நார்பர்ட் மைதானத்துக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் டெல்மரின் வண்டி ஹாரன் அடித்தது.

"என்ன மாப்ள, இன்னும் ஷூ கூடப் போடலியா?"

"மச்சான், நேத்துதான் கோர்ட்ல..."

"அது நேத்து. இன்னிக்கு வியாழக்கிழமை. ஏறு."

அதற்கு மேல் அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மாப்ள, மச்சான் என்ற அழைப்பு மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

இந்த வருடம் வசந்தம் வந்ததுமே நார்பர்ட் முடிவு செய்திருந்தார், இனி முடியாது என்று. வெறும் முழங்கால் வலி மட்டுமில்லை. அந்தப் புல்லைப் பார்த்தாலே அலுப்பாக இருந்தது. எந்த மரம் எங்கே நிற்கும், டெல்மர் எந்தக் குழியில் எந்த ஜோக்கைச் சொல்வார் என்பது எல்லாம் மனப்பாடம். ஆனால் சொல்லத்தான் வாய் வரவில்லை. டெல்மருக்கு இதை விட்டால் வேறு பொழுதுபோக்கு இல்லை. கிரேன் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வாரம் முழுக்க வியாழக்கிழமைக்காகவே காத்திருக்கிற மனிதர். சரி, இந்தக் கோடையோடு முடித்துக்கொள்வோம், எப்படியும் ஜூலையில் தோற்றவர் வெளியேறும் சுற்று தொடங்கியதும் வெளியே வந்துவிடுவோம் என்று நினைத்தார்.

நடந்ததோ வேறு. எதிராளிகளில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு ஜோடி பாதி ஆட்டத்தில் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. ஒருமுறை நார்பர்ட் அடித்த பந்து மரத்தில் பட்டுத் திரும்பி, யாரோ கையால் எடுத்து வைத்ததுபோல் குழிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. தோற்க வழியே இல்லாமல் ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு வாரமும் டெல்மர் அவர் முதுகில் அடித்து, "நம்ம வருஷம் மாப்ள இது," என்பார். நார்பர்ட் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து காலில் ஐஸ் கட்டிக்கொள்வார்.

இறுதி ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் வந்து நின்றது வெண்டல். அயோவாவிலிருந்து இந்த ஊருக்கு வந்து, வீடு வீடாகக் கணப்பு அடுப்பு சரிபார்க்கிற மனிதர். ஆர்லீனின் அடுப்பையும் அப்படித்தான் சரிபார்க்கப் போனார். வரும் அக்டோபரில் இருவருக்கும் கல்யாணம். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லாத ஆள். நார்பர்ட்டை எங்கே பார்த்தாலும் தொப்பியைக் கழற்றுவார். அதுதான் நார்பர்ட்டுக்குக் கொஞ்சம் சங்கடம். வெண்டலுக்கு ஜோடி ஸ்டான் என்கிற பஸ் டிரைவர், முகத்தில் சிரிப்பையே பார்க்க முடியாதவர்.

அன்று மாவட்ட மைதானத்தில் ஆட்டம். கார் நிறுத்துமிடத்தில் டெல்மர் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்நேரம் வாய் ஓயாது. இன்று பேச்சே இல்லை.

"என்ன மச்சான், வயிறு சரியில்லையா?"

"மாப்ள, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஜூன்லேருந்தே சொல்லணும்னு பாக்கறேன்."

"சொல்லு."

"அடுத்த வருஷம்... ஆர்லீன் கேட்டா. வெண்டலுக்கு இந்த ஊர்ல ஒட்டு உறவு யாரும் இல்ல. ஸ்டானுக்கும் அவருக்கும் ஒத்து வரல. அவருக்கு ஜோடியா ஆடேன்னு கேட்டா. தங்கச்சி கேட்டு நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?" டெல்மர் லேஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீ என்ன நினைப்பியோன்னு எனக்கு ராத்தூக்கமே இல்ல."

நார்பர்ட் மட்டைப் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். மார்ச்சிலிருந்து எந்த வார்த்தையைச் சொல்லத் தவித்தாரோ, அதை டெல்மரே சொல்லிவிட்டார். நிம்மதிதானே வர வேண்டும்? வரவில்லை. நாமே இறங்க இருந்த பஸ்ஸிலிருந்து, நிறுத்தம் வருவதற்கு முன்பே கண்டக்டர் இறக்கிவிட்டதுபோல் இருந்தது.

"சரி மச்சான்," என்றார். "வா, நேரமாச்சு."

ஆட்டம் யாருக்கும் பிடிகொடுக்காமல் போனது. டெல்மர் குற்ற உணர்ச்சியில் ஒழுங்காக அடித்தார். நார்பர்ட் எதையும் யோசிக்காததால் ஒழுங்காக அடித்தார். வெண்டல் தன் பந்தைத் தேடியதைவிட நார்பர்ட்டின் பந்தைத்தான் அதிக அக்கறையோடு புதரில் தேடிக்கொடுத்தார். ஸ்டான் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"நீ யார் பக்கம்ய்யா ஆடற?"

"பந்து தொலைஞ்சா பாவம்தானே, ஸ்டான்."

எட்டாவது குழி முடிந்தபோது இரண்டு ஜோடியும் சமம். கடைசிக் குழியில் டெல்மர் அடித்த பந்து நேராகக் குளத்துக்குள் போனது.

"தவளைங்களாவது விளையாடட்டும்," என்று மட்டையைப் பைக்குள் போட்டார். "இனிமே நீதான் மாப்ள."

வெண்டலும் ஸ்டானும் முடித்துவிட்டார்கள். மிச்சம் நார்பர்ட்டின் பந்து ஒன்றுதான். அது விழுந்தால் ஜெயம். விழாவிட்டால் சமம், வெளிச்சம் மங்குகிற நேரத்தில் இன்னொரு குழி ஆட வேண்டும். குழிக்கும் பந்துக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற தூரம் இருக்கும். தரை வேறு இடப்பக்கம் சரிந்திருந்தது. சுலபமும் இல்லை, முடியாததும் இல்லை. நார்பர்ட் முழங்காலை மடக்கிக் குனிந்தார். வலித்த காலிலிருந்து பாரத்தை மற்ற காலுக்கு மாற்றிக்கொண்டார்.

மட்டையை அவர் பின்னுக்கு இழுக்கும் சமயத்தில் வெண்டலின் குரல் வந்தது. "போதும் நார்பர்ட், எடுத்துக்குங்க. விழுந்ததா வெச்சுக்கலாம்."

அந்த லீக்கில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பந்து குழியின் வாயிலேயே கிடந்தால், எதிராளி பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பார். அதற்கு மேல் அடிக்க வேண்டியதில்லை. ஆனால் இத்தனை தூரத்தில் யாரும் விட்டுக்கொடுத்ததில்லை, அதுவும் இறுதி ஆட்டத்தில்.

குரல் காதில் விழுந்தது. கை மட்டும் நிற்கவில்லை. பந்து உருண்டு போய்க் குழியின் விளிம்பைத் தொட்டு, ஒரு வளைவு வளைந்து, அந்தப் பக்கமாகப் போய் நின்றது.



"குடுத்தது குடுத்ததுதான்," என்றார் ஸ்டான் கசப்பாக. "அவர் வாயைத் திறந்தப்பவே முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அடிச்சது கணக்கில்ல. நீங்க ஜெயிச்சாச்சு. போங்க." அவர் வெண்டலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்துவிட்டார்.

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். "கால் வலிக்குதுன்னு பாத்தேன். அதான்..."

"தேங்க்ஸ், வெண்டல்," என்றார் நார்பர்ட். ஜெயித்ததுபோலவும் இல்லை, தோற்றதுபோலவும் இல்லை. இன்னொரு குழி நடக்க வேண்டாம் என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

மேட்டின்மேல் இருந்த மைதானத்துக் கட்டடத்தை நோக்கி ஏறும்போது டெல்மர் புகைந்தார். "அவன் யாரு நமக்குப் பிச்சை போட?"

"உன்னோட அடுத்த வருஷத்து ஜோடி."

டெல்மர் மட்டைப் பையைத் தோளில் இழுத்து மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

உள்ளே நீள மேஜைகளில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் கோஸ் சாலடும் வைத்திருந்தார்கள். ஒரு மரப் பலகையில் பித்தளைத் தகடு அடித்த பரிசை யாரோ கையில் கொடுத்தார்கள். கைதட்டல் இருந்தது. ஆனால் தவறிப்போன அந்தக் கடைசிப் பந்தின் கதை அதற்குள் எல்லா மேஜைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. "நார்பர்ட், பந்து விழாமலே பரிசு வாங்கின ஆள் நீதான்ப்பா," என்று பக்கத்து மேஜையிலிருந்து ஒருவர் பீர் டம்ளரைத் தூக்கிக் காட்டினார். நார்பர்ட்டும் தன் டம்ளரைத் தூக்கிக் காட்டினார்.

வெண்டலை அழைத்துப் போக வந்த ஆர்லீன் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஜெயிச்சியாமே."

"அப்படித்தான் சொல்றாங்க."

"முட்டியை டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டணும்."

"நான் அந்த வீட்ல இருந்தப்பவும் இதையேதான் சொன்ன." அவள் அவர் தட்டிலிருந்து ஒரு உருளைக்கிழங்கு வில்லையை எடுத்துக் கடித்தாள். கை பழக்கத்தில் அப்படிப் போயிருக்க வேண்டும். எடுத்தபின் கொஞ்சம் கூச்சப்பட்டாள். "டெல்மர் சொன்னானா?"

"சொன்னான்."

"நான்தான் கேட்டேன். அவன்மேல கோவப்படாத."

"கோவமெல்லாம் இல்ல ஆர்லீன். அலுப்பா இருக்கு, அவ்வளவுதான்."

"நீ எப்பவும் இதான். கோவம் வந்தாலும் அலுப்பும்பே, சந்தோஷமா இருந்தாலும் அலுப்பும்பே. எதுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள எனக்கு அலுத்துப்போச்சு." அதை அவள் குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. கடைக்குப் போய்விட்டு வந்த கதைபோலத்தான் சொன்னாள். நார்பர்ட் யோசித்துப் பார்த்தார். அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இப்போது உள்ளே இருப்பது எது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

"அவர் நல்ல மனுஷன்," என்றார்.

"தெரியும்," என்று சொல்லி அவள் எழுந்தாள்.

வெளியே வந்தபோது ஏரிப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று அடித்தது. டெல்மர் பரிசுப் பலகையை நார்பர்ட்டின் வண்டியில் வைத்தார். "நீயே வெச்சுக்கோ. உன் பந்துதான்."

"மச்சான், நானும் ஒண்ணு சொல்லணும். மார்ச்லயே விட்டுடணும்னு இருந்தேன். இந்த வருஷம் வந்ததே உனக்காகத்தான்."

டெல்மர் அவரை உற்றுப் பார்த்தார். "எனக்காகவா?"

"ஆமா."

"அடப்பாவி. கோடை பூரா நான் உனக்காகல்ல செத்துக்கிட்டிருந்தேன். பொண்டாட்டியும் போயாச்சு, இவனுக்கு இது ஒண்ணுதான் இருக்கு, இதையும் எப்படிப் பிடுங்கறதுன்னு." அவர் குரல் உயர்ந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்ல?"

"நீ சொல்லியிருந்தா நானும் தூங்கியிருப்பேன்."

இருவரும் வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். கோபப்படத் தெம்பு இல்லை. டெல்மர்தான் முதலில் சிரித்தார், அதுவும் பாதிச் சிரிப்பு. "தூக்கம் போனதுக்குப் பலகை ஒண்ணு கெடச்சுது," என்றார்.

அக்டோபரில் கல்யாணம் நடந்தது. நார்பர்ட் வாழ்த்து அட்டை அனுப்பினார், போகவில்லை. குளிர்காலத்தில் டாக்டரிடம் போனார். முழங்காலுக்குள் ஊசி போட்டார்கள். வலி கொஞ்சம் அடங்கியது. மே மாதம் லீக் ஆரம்பித்தது.

அந்த முதல் வியாழக்கிழமை வேலையிலிருந்து வந்தவர், ஒரு பூட்ஸை மட்டும் கழற்றிவிட்டு சோபாவில் சாய்ந்தார். கண் விழித்தபோது ஜன்னலில் சாம்பல் நிற வெளிச்சம். கடிகாரம் எட்டரையைக் காட்டியது. விடிந்து வெகு நேரமாகிவிட்டது, தார் வண்டி போயே போயிருக்கும் என்று பதறி எழுந்தார். கழற்றிய பூட்ஸை மாட்டினார், முகம் கழுவினார், சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அடுத்த வீட்டு மிஸஸ் ப்ரோச்னோ செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இந்நேரத்துல எங்க கிளம்பிட்டீங்க?"

"வேலைக்கு. லேட்டாயிடுச்சு."

"ராத்திரி வேலை போட்டுட்டாங்களா?"

நார்பர்ட் வானத்தைப் பார்த்தார். மேற்கே இன்னும் சிவப்பு மிச்சமிருந்தது. அது இன்னும் அதே வியாழக்கிழமைதான். "இல்ல, சும்மா காத்து வாங்க வந்தேன்," என்று முனகிவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. டெல்மர்.

"என்ன மாப்ள பண்ணிட்டிருக்கே?"

"ஒண்ணும் இல்ல. ஆட்டம் என்ன ஆச்சு?"

"கேக்காத. உன் வெண்டல் தப்பா அடிச்சா மன்னிச்சுக்குங்கறான். நல்லா அடிச்சாலும் மன்னிச்சுக்குங்கறான். ஒன்பது குழியும் இதேதான். நான் என்ன பாதிரியாரா, ஆசீர்வாதம் பண்ணி அனுப்ப?"

"தோத்தீங்களா?"

"சுத்தமா. இரு, முதல்லேருந்து சொல்றேன். முதல் குழியில காத்து எதிர்ல அடிக்குது..."

நார்பர்ட் பூட்ஸ் கயிற்றைத் தளர்த்திவிட்டார். இடது காலை நீட்டி வைத்தார். வலிக்கவில்லை.

"ம், சொல்லு," என்றார்.